காப்பிச் சக்கைக்குள் மூன்று நோட்டு

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் கூட்டம் என்றாலே வெர்னாவுக்கு வயிற்றெரிச்சல். அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தில், ஓட்டலில் பரிமாறுகிறவளுக்கு மணிக்கு இரண்டு டாலர் சொச்சம்தான் சம்பளம். மற்றபடி டிப்ஸில்தான் பிழைப்பு. சாப்பிட்டவன் அதை வைக்காமல் நழுவினால் 'ஸ்டிஃப் பண்ணிட்டான்' என்பார்கள். அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று சமையல்காரன் டைரெலிடம் ஒருமுறை கேட்டாள்.

"வெறச்ச பொணத்துக்குப் பேரு ஸ்டிஃப் அக்கா. பொணம் என்னைக்காவது பாக்கெட்ல கைய விட்டிருக்கா?"

நிஜமோ, அவன் கைச்சரக்கோ, அவளுக்கு அது பிடித்திருந்தது.

போன மாதம் அப்படி ஒருவனை வாசல் வரை துரத்திப்போய்த் திட்டியிருந்தாள். முதலாளி கோஸ்டா கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ கஸ்டமர் பின்னாடி ஓடினா, ஏப்ரனக் கழட்டி வெச்சுட்டு அப்படியே போயிடு." ஐம்பத்தெட்டு வயது, தேய்ந்த முழங்கால். வேறு எவன் வேலை கொடுப்பான்?

இன்று ஒரே மேஜையில் சர்ச்சிலிருந்து வந்த குடும்பம், ஆறு பேர், இரண்டரை மணி நேரம். ஒரு குழந்தை சிரப்பை இருக்கையில் கொட்டி வைத்தது. எழுந்து போனபின் பார்த்தால், சாஸருக்கடியில் மடித்த இருபது டாலர் நோட்டு.

வெர்னா ஏமாறவில்லை. மேலே நோட்டு மாதிரி அச்சு, பிரித்தால் உள்ளே பிரசங்கம். சர்ச்சுக்காரர்கள் டிப்ஸுக்குப் பதில் வைத்துவிட்டுப் போகும் துண்டுக் காகிதம். இந்த வருடம் மட்டும் நாலு வாங்கியாகிவிட்டது. பிரிக்காமலே கசக்கிக் காப்பிச் சக்கை வாளியில் எறிந்தாள். எது வந்தாலும் வரட்டும் என்று வெளியே பாய்ந்தாள்.

காரருகே நின்ற அந்தக் குடும்பத்துப் பெரியவர் க்ரம்மை மறித்தாள். "ஓடி ஓடிச் செஞ்சேனே சார். என்னைப் போய் ஸ்டிஃப் பண்ணிட்டீங்களே, நல்லாருக்கா?"

"வெச்சேனேம்மா. மூணு இருபது, ஒண்ணா மடிச்சு."

"அது சர்ச்சு நோட்டீஸு."

"அத வைக்கிறவங்களக் கண்டாலே எனக்கு ஆகாது. என் சம்சாரம் முப்பது வருஷம் தட்டு தூக்கினவ. எங்க போட்டீங்க அத?"

காப்பிச் சக்கை வாளியில் என்று வெர்னா சொன்னாள். அவர் கோட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். இருவரும் வாளிக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். மூன்று நோட்டுகளும் ஈரமாக வெளியே வந்த நேரம், கோஸ்டா உள்ளே வந்தார்.

"இங்க என்ன நடக்குது?"

வெர்னா வாய் திறக்குமுன் க்ரம் முந்திக்கொண்டார். "என் காது மிஷின் விழுந்துடுச்சுங்க. இந்தம்மா தேடிக் குடுக்கறாங்க."

காது மிஷின் அவர் காதிலேயே இருந்தது. தப்பித்துக்கொள்ள நல்ல வழிதான். ஆனால் தன்னால் இந்த மனுஷன் பொய் சொல்ல நேர்ந்ததை அவளால் தாங்க முடியவில்லை.

"இல்ல கோஸ்டா. வெச்ச காச நோட்டீஸுன்னு நெனச்சு எறிஞ்சுட்டேன். வெளிய ஓடி இவர அசிங்கப்படுத்தினேன்." ஏப்ரன் முடிச்சில் கை வைத்தாள்.

கோஸ்டா சக்கை வழியும் பெரியவரின் கைகளைப் பார்த்தார். அவர் காதைப் பார்த்தார். பிறகு அவளை.

"கையக் கழுவு. நாலாம் டேபிள்ல பத்து நிமிஷமா காத்துக் கிடக்காங்க."

குழாயடியில் க்ரம்முக்கு முதலில் இடம் விட்டாள் வெர்னா. கண்ணைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லை. அப்படியே அழுதாள், சந்தோஷமாகத்தான்.