பதினோரு கல்

பெரியப்பா துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் விட்ட நேரத்தில், அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கீழ வைங்க, பெரியப்பா."

"பத்தரைக்கு வண்டி வந்துடும். இப்பவே பத்தாகப் போகுது. அவனத் தூக்க நாலு பேர் கட்டிலச் சுத்தி நிக்கணும். நாய இழுத்து வெளிய போடு."

"இழுத்தா கடிக்கும்."

"கடிக்கிற நாய எதுக்கு வீட்டுல வெச்சிருக்க?"

கட்டிலின் மேல் அப்பா. விடிகிற நேரத்தில் மூச்சு நின்றது. கட்டிலுக்கு அடியில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஆபீசர், அவளுடைய நாய்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பழைய இரும்புக் கடையில் கம்பியால் கட்டப்பட்டுக் கிடந்ததை யாரோ மீட்டுக் காப்பகத்தில் விட்டிருந்தார்கள். அங்கிருந்துதான் அவள் அதைக் கொண்டுவந்தாள். ஆண் குரல், செருப்புச் சத்தம், கையில் நீளமாக எது இருந்தாலும் சரி, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். அவள் ஆபீசுக்கு லீவு போட்டுச் சமையலறைத் தரையில் படுத்துக் கிடந்தாள். புத்தகத்தைப் பார்த்து, வீடியோவைப் பார்த்து, தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டாள். ஆறாவது மாதம் அது அவள் கையிலிருந்து தின்றது. பக்கத்துத் தெருக்காரர் தன் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு இன்னொருவர். நாய்களைப் பழக்குவதே இனித் தொழில் என்று ஒருநாள் இன்சூரன்ஸ் ஆபீசில் ராஜினாமாக் கடிதத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். அடுத்தவர் வீட்டுத் தரையில் முப்பது வருடம் முட்டி போட்டு, டைல்ஸ் பதித்து அப்பா வாங்கிக்கொடுத்த பட்டம். "நீ ஆபீசர் ஆவேன்னு பாத்தேன். இனிமே இந்த வீட்டுக்கு இதுதான் ஆபீசர்" என்று நாயைக் காட்டிச் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதோடு அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டாளா, வந்தாளா, எல்லாம் அம்மா வழியாகத்தான். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. பேசினால் பேசட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று அவர் அறை வாசலைத் தாண்டி விடுவிடுவென்று போவாள். டைல்ஸ் வெட்டும் தூசி நுரையீரலில் அடைத்து, எட்டு மாதமாக அவர் அறையோடு கிடந்தபோதும் அப்படித்தான்.

"படிச்ச பொண்ணு. நாய் பாஷை தெரியும். சொன்னா வரும்" என்றாள் அத்தை, கதவோரமாக. ஆறுதலா குத்தலா என்று அத்தைக்கே தெரிந்திருக்காது.

ஆனால் வரவில்லை. அவள் ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். அவள் குரலுக்கு எங்கிருந்தாலும் வரும் நாய், இன்று காதைக்கூட அசைக்கவில்லை. கூட்டம் வந்ததும் போக்கிடம் இல்லாமல் இங்கே நுழைந்துவிட்டது என்று கணக்குப் போட்டாள். ஆண்கள் இருக்கும் அறைக்குள் அது வேறு எதற்கு வரப்போகிறது? கட்டையால் ஒரு குத்து போதும். மூன்று வருட உழைப்பு மண்ணாகிவிடும். யாரையாவது கடித்து வைத்தால், நாளைக்கே காப்பகத்துக்கு அனுப்பு என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

அவள் தரையில் குப்புறப் படுத்தாள். கன்னம் குளிர்ந்த கல்லில் பட்டது. அப்பா தன் வீட்டுக்காகப் பதித்த ஒரே தரை. கல்யாண மண்டபம், கம்பெனி கட்டடம் என்று மிச்சப்பட்ட கல்லையெல்லாம் சேர்த்து வைத்துப் பதித்தது. எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லும் ஜோடி கிடையாது. ஆனால் ஒரு கோடுகூடக் கோணியதில்லை.

அப்போதுதான் சுவரடியில் ஓடிய ஸ்கர்டிங் கல்லைப் பார்த்தாள். பென்சில் குறி. காக்கைக் கால் மாதிரி மூன்று கோடு. கல்லை வெட்டுமுன் அப்பா போடும் குறி. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு தேதி.

அறை வாசல்படிக்குப் பக்கத்தில் முதல் கல்லில் ஒன்று. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. அதே கல்லில் தொடர்ந்து பதினாறு குறி. பிறகு இரண்டாவது கல். மூன்றாவது. அவள் முழங்கையால் நகர்ந்து நகர்ந்து படித்தாள். வாசலில் இருந்து கட்டில்வரை பதினோரு கல்.

ஏழாவது கல்லில் மூன்று தேதி இருந்தது. அடுத்த தேதி எட்டாவது கல்லில் இல்லை. தேடினாள். நான்காவது கல்லில் இருந்தது.

அந்தத் தேதிக்கு முந்தின நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அடுத்த வீட்டு மாடியில் இருந்து தகர ஷீட் விழுந்த நாள். சாயங்காலம் அவள் வந்தபோது ஆபீசர் சமையலறையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் பின்னால் போயிருக்கிறார். மூன்று கல் பின்னால்.

அவளிடம் டாக்டர்கள் வருகிறார்கள், இன்ஜினியர்கள் வருகிறார்கள். நாய் பயந்தால் பின்னால் போங்க, நேத்து வரைக்கும் வந்ததை மறந்துடுங்க என்று தொண்டை வற்றக் கத்துகிறாள். ஒருவரும் போனதில்லை. அவளே முதல் வருடத்தில் போனதில்லை. மேலே கிடக்கும் மனிதரின் பென்சில், ஒரு சத்தம் போடாமல், நான்காவது கல்லுக்குத் திரும்பிப் போயிருந்தது.

"அம்மா" என்றாள், படுத்தபடியே. "இது என்ன?"

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள். அந்த ஓரத்தை ஏன் துடைக்கவே மாட்டேங்கற என்று மகள் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறாள். அப்போதெல்லாம் வாயைத் திறக்காதவள் இப்போது திறந்தாள்.

"நீ வேலைக்குப் போனதும் கீழ இறங்கிடுவாரு. கட்டில்ல சாஞ்சு, வாசலுக்கு முதுகக் காட்டிட்டு, சுவரப் பாத்து உக்காந்துக்குவாரு. பிஸ்கட்ட உடைச்சு ஒவ்வொரு கல்லா வெப்பாரு. அது எது வரைக்கும் வந்து தின்னுச்சோ அந்தக் கல்லுல குறி போடுவாரு. டீக்கு நான் குடுத்த பிஸ்கட்ல ஒண்ணு அவர் வாய்க்குப் போனதில்ல."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"மொட்டை மாடியில நாய்க்காரங்களுக்குப் பாடம் எடுக்கறேன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவியே. கேக்காம எங்க போறது?"

அவள் நான்காவது கல்லின் தேதியை மறுபடி படித்தாள்.

"இருமல் வந்தா துண்ட வாயில வெச்சு அமுக்கிக்குவாரு. சத்தம் கேட்டா அது ஓடிடுமாம். மூஞ்சி செவந்து போயிடும். எனக்குப் பாக்கவே பயமா இருக்கும். 'ஏங்க, நாயா முக்கியம்'னு கேட்டா, கைய மட்டும் ஆட்டுவாரு, போன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கையால தொட விட்டதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னாரு."

"விட்டுச்சா?"

"அந்த நேரத்துக்கு நான் உள்ள வர மாட்டேன்மா. எனக்கென்ன தெரியும்?"

அவள் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கடைசிக் குறி பதினோராவது கல்லில், அப்பாவின் கை தொங்கும் பக்கத்தில். பன்னிரண்டு நாளைக்கு முந்தைய தேதி. அதற்குப் பிறகு குறி இல்லை. ஆபீசர் ஒளிந்திருக்கவில்லை. குறிக்கு நேராகப் படுத்திருந்தது. அங்கேதான் வரச் சொல்லியிருந்தார்கள்; வந்திருந்தது.

அவள் எழுந்தாள்.

"எல்லாரும் தரையில உக்காருங்க. சுவரப் பாத்து."

"என்னது?" என்றார் பெரியப்பா.

"கட்டிலுக்கு முதுகு. வலது கை பின்னால, உள்ளங்கை மேல. பேசக்கூடாது. இருமக்கூடாது."

"செத்தவனுக்கு முதுகக் காட்டவா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"அவரு எட்டு மாசம் அப்படித்தான் உக்காந்தாரு."

முதலில் அம்மா உட்கார்ந்தாள். பிறகு அத்தை, முட்டியைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் போன நாள்ல பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம்" என்று முனகியபடி. பெரியப்பா துடைப்பத்தை வெளியே வைத்துவிட்டு வந்தார். வண்டியோடு வந்த டிரைவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். ஒருவரும் திரும்பாததால் அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் வரிசைக் கடைசியில் உட்கார்ந்தார். அவளையும் சேர்த்து ஐந்து பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் அங்கி போட்ட அவளுடைய பட்டமளிப்பு போட்டோ இருந்தது. அப்பா மட்டம் வைத்து மாட்டியது.

பத்தரை ஆகித் தாண்டியது. டிரைவர் வாட்சைப் பார்க்கவில்லை.

நகம் கல்லில் பட்ட சத்தம் கேட்டது. ஒன்று. நின்றது. பிறகு இரண்டு, மூன்று. அவள் மூச்சை அளந்து விட்டாள். சத்தம் அவளைத் தாண்டிப் போய், பெரியப்பாவுக்குப் பின்னால் நின்றது. நாற்பது வருடம் சிமென்ட் குழைத்த கை. வெடிப்பும் காய்ப்புமாக அப்படியே அப்பாவின் கை.

"பொண்ணே" என்றார் பெரியப்பா, காற்றில் பாதி கரைந்த குரலில். "என்னமோ ஈரமா..."

"ஆடாதீங்க பெரியப்பா."

அவர் ஆடவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. வெகுநேரம் கழித்து நகச் சத்தம் மறுபடி கிளம்பி, கல் கல்லாக வாசல்வரை போனது. அவள் எண்ணினாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா வாளியில் தண்ணீர் பிடித்தாள். அத்தை வாங்கப் போனாள், கொடுக்கவில்லை. அறை முழுக்க, கட்டில் இருந்த இடம் முழுக்கத் துடைத்தாள். ஆபீசர் வாசல்படியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மின்விசிறியைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். தரை ஈரத்தில் பளபளத்தது. சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்கு மட்டும், வாசலில் இருந்து கட்டில் இருந்த இடம்வரை, தண்ணீர் படாமல் இருந்தது.