பெரிய நாற்காலியில் அறக்கட்டளைத் தலைவர்

அக்கா வீட்டு ஹாலில், மாமா மட்டுமே உட்காரும் பெரிய நாற்காலியில் பஞ்சர்கடைக்காரன் உட்கார்ந்திருந்தான். எதிரே சோபாவில், சொத்தைப் பறிமுதல் செய்ய வந்திருந்த அதிகாரி அம்மாள்.

மாமா போலி மருந்து விற்றுக் கொழுத்தவர். அந்தப் பணம் மூன்று கம்பெனிகளுக்குள் புகுந்து புறப்பட்டு, கடைசியில் ஏழைப் பிள்ளைகளுக்கான அறக்கட்டளையாக வேஷம் கட்டி இந்த வீட்டை வாங்கியது. எந்தப் பிள்ளைக்கும் அதிலிருந்து ஒரு பென்சில்கூடப் போய்ச் சேர்ந்ததில்லை. அதன் தலைவர் சாட்சாத் நம் பஞ்சர்கடைக்காரன்தான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. காகிதத்தில் மாமா வெறும் வாடகைக்காரர். குட்டு உடைந்தால் வீடு போகும், அக்கா தெருவில் நிற்பாள், இவன் கம்பி எண்ணுவான்.

"நீ என் மச்சான்னு தெரிஞ்சா பரவாயில்ல மாப்ளே. ஓனரா நடந்துக்கோ, அது போதும். கெத்தா உக்காரு" என்று ஒரு வாரமாக மாமா பாடம் நடத்தியிருந்தார்.

"மாடியில எத்தனை ரூம்?" என்றார் அதிகாரி.

"நாலுங்க." அந்தப் படியில் அவன் கால் வைத்ததே இல்லை.

"மழைக்கு ஒழுகினா யார் பார்க்கிறது?"

"நான்தாங்க. ஆள் விட்டுப் பார்த்துடுவேன்."

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கதவோரம் நின்ற அக்கா கண்ணாலேயே 'சபாஷ்' என்றாள். அதிகாரியும் தலையாட்டிக்கொண்டே ஃபைலைப் புரட்டினார். தப்பித்தோம் என்று அவனுக்கு மெல்ல மூச்சு வந்தது.

"குடியிருக்கிறவரையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். கூப்பிடுங்கம்மா."

அக்கா குரல் கொடுத்தாள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

பஞ்சர்கடைக்காரன் சடக்கென்று எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றான். நாற்காலி காலியானதும் மாமாவும் பழக்க தோஷத்தில் அதில் போய்ச் சாய்ந்துகொண்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை மூடினார். அதட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீங்க ஏன் எழுந்தீங்க? உங்க வீடுதானே, உக்காருங்க."

உட்காரலாமா என்று அவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான்.