கழுவி வைத்த குளம்

“நாங்கள் வாறதை நீதான் சொல்லியிருக்கிறாய், மகாதேவா. நீ சொல்லாமல்—”

“நான் ஒண்டும் சொல்லேல்லை, அக்கா. முதல்ல கேளுங்கோ—”

“—ஆலைக் கழிவுக் குளம் இப்பிடி ஆக்கள் இறங்கிக் குளிக்கிற மாதிரிக் கிடக்குமோ?”

“மெதுவாக் கதையுங்கோ! உங்கடை பெடியள் பார்க்கினம்.”

பார்க்கத்தான் செய்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் வந்த மாணவர்கள் குளக்கரையில் வரிசையாகக் குந்தி, சீசாக்களில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். அவர்களை அழைத்து வந்த விரிவுரையாளர் வாகீஸ்வரி. கோலா சிலாங்கூருக்கு வடக்கே இருந்த அந்தச் செம்பனை எண்ணெய் ஆலையின் இஞ்சினியர் மகாதேவா, அவளுடைய தம்பி.

அந்த ஆண்டுதான் துறையில் அவளுடைய புதிய பாடத்துக்கு இடம் கொடுத்திருந்தார்கள். நாளைக்குத் தோட்டங்களையும் ஆலைகளையும் நடத்தப் போகிற பிள்ளைகள் எண்ணெய் பிழிவதை மட்டும் படித்தால் போதாது, பிழிந்த பிறகு மண்ணும் ஆறும் என்ன ஆகின்றன என்றும் படிக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வாங்கிய இடம் அது. “சரி, ஆலையில் போய்ப் படிக்க என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த ஆண்டு பாடத்தை நீக்கிவிடலாம்” என்றார் துறைத்தலைவர். கேட்ட ஆலைகள் எல்லாம் கையை விரித்தன. வரச் சொன்னவன் தம்பி ஒருவன்தான்.

“மேடம்!” நாகமணி கரையிலிருந்து கத்தினாள். “பிஎச் மீட்டர் ஏழு காட்டுது, ஆசிடே இல்ல. ஸ்மெல்கூட இல்ல. நம்ம ஹாஸ்டல் தண்ணியவிட கிளீன் லா!”

சிரிப்பு எழுந்தது.

“அப்ப ப்ராப்ளம் இல்லேன்னு எழுதிடலாமா, மேடம்?”

“கொஞ்சம் பொறும்மா.”

“பார்த்தியளோ? பிள்ளையளுக்குச் சந்தோஷம்” என்றான் மகாதேவா. “கீழ ஆத்தங்கரையில, பாசிர் பெனம்பாங் கடையில மத்தியானத்துக்கு நண்டு சொல்லி வச்சிருக்கிறன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“அந்த நண்டு எந்தத் தண்ணியில வளருது எண்டும் சொல்லி வச்சியோ?”

“அக்கா, நான் எங்கடை மண்டோர் சன்னாசியிட்டை நீங்கள் வாறியள் எண்டு மட்டும்தான் சொன்னன்.”

“ஆக்கள் வந்தா இந்தத் தோட்டத்தில என்ன செய்வாங்கள் எண்டு உனக்குத் தெரியாதோ?”

தெரியும். கம்பெனிப் பெரிய துரை வருகிறார் என்றால் மரங்களின் அடியில் சுண்ணாம்பு ஏறும். தண்ணீர் ஓடும் கான்களில் புல் அறுபடும். தொழிலாளர் லயத்து நாய்கள் கட்டிப்போடப்படும். யாரும் உத்தரவு போடுவதில்லை. வருகிறவர் கண்ணுக்கு நல்லதே பட வேண்டும் என்பது அங்கே மரியாதை. இன்றும் பாதையோரமெல்லாம் மரங்கள் வெள்ளை உடுத்தி நின்றன. ஆலைப் புகைபோக்கியில் புகை இல்லை.

ஆலைக் கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். கை கூப்பினார்.

“டீச்சரம்மா, எப்படி நம்ம கொளம்? பெரிய தொரை வந்தப்பகூட இப்படிச் செய்யல. இஞ்சினியர் தொரையோட அக்கா, காலேஜு புள்ளைங்கள கூட்டியாறாங்கன்னு கேட்டதும் விடுவேனா?”

குளத்தை என்ன செய்தார் என்ற கேள்வி வாகீஸ்வரியின் நாக்கு நுனியில் இருந்தது. தம்பி அவள் காதருகே குனிந்தான்.

“கேக்காதேங்கோ, அக்கா. உங்கடை பிள்ளையள் அதை எழுதினா முதல்ல போறது என்ரை வேலையில்லை. இந்தாளின்ரை வேலை.”

அவள் அந்தச் சட்டையின் மடிப்பைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு, சன்னாசி” என்றாள். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, “எழுதினது போதும். பஸ்ஸில ஏறுங்கோ” என்றாள்.

தன் புதிய பாடம் இதோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. ஏழு காட்டும் மீட்டரைக் கொண்டுபோய் யாரிடம் எதைச் சொல்வது?

எல்லாரும் எழுந்தார்கள். நாகமணி மட்டும் எழவில்லை. மடைக்கு வெளியே ஆற்றுப் பக்கம் இறங்கும் கானைக் குனிந்து பார்த்தாள். அங்கே கல்லெல்லாம் கன்னங்கரேலென்று பிசுக்கு ஒட்டியிருந்தது. புல் கருகிக் கிடந்தது.

“மண்டோரண்ணே, கொளம் இவ்ளோ கிளீன், இந்தக் கான் மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?”

வாகீஸ்வரி தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

“அது வந்து கண்ணு, கொளம் முழுக்க அந்தக் கறுப்புதான இருந்திச்சி! நாத்தம் கொடலப் புடுங்கும். நீங்க வந்து மூக்கப் பொத்திக்கிட்டா நமக்கில்ல அசிங்கம்? முந்தாநாளே ஆலைய நிறுத்தி, மடையத் தொறந்து விட்டுட்டோம். அப்புறம் பம்பு போட்டு ஆத்துத் தண்ணிய நெரப்பிட்டோம்.”

“தொறந்து விட்டது எங்க போச்சி?”

“ஆத்துக்குத்தான். வேற எங்க போவும்?” சன்னாசி சிரித்தார். “எல்லாம் உங்களுக்காகத்தான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏற்கெனவே பஸ் படியில் கால் வைத்திருந்தவன் இறங்கி வந்தான். நாகமணி தன் கையிலிருந்த சீசாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆற்றைப் படிக்க வந்தவர்களுக்காக, ஆறு அந்தக் குளத்தை முழுசாகக் குடித்திருந்தது. வாகீஸ்வரி கூட்டத்துக்குக் கூட்டம் சொன்ன வார்த்தைகளில் இது எங்குமே இல்லை.

“எழுதுங்கோ” என்றாள். “நாங்கள் வாறதுக்காக என்ன நடந்ததெண்டு எழுதுங்கோ. மண்டோரின்ரை பேர் ஒருத்தரும் எழுதப்படாது. என்ரை பேரை எழுதுங்கோ.”

சன்னாசிக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது.

“ஏன் டீச்சரம்மா, ஏதும் கொறையா? அடுத்த தடவை சொல்லுங்க, ஓரத்தக்கூட விடாம தேச்சிக் கழுவிடுறேன்.”

“குறையொண்டும் இல்லை, சன்னாசி.”

மகாதேவா அண்ணாந்து, புகையில்லாத புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவன் பக்கத்தில் போய் நின்றாள். இப்போது அவள் குரலில் சண்டை இல்லை.

“மகாதேவா, ஆலை ஓடுற ஒரு நாள், ஒண்டையும் கழுவாமல், எங்களைக் கூப்பிடுவியோ?”