நாலாவது எலுமிச்சம்பழம்

தாமரைச்செல்வி தன் கணவன் ரஞ்சித்குமாருக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: போர்டு பிடிப்பது. ரேஸில் அவளுடைய கார் ஒவ்வொரு சுற்றும் பாதையோரச் சுவரைக் கடந்துபோகும்போது, அவள் எத்தனையாவதாக ஓடுகிறாள் என்ற எண்ணைப் பலகையில் மாட்டித் தூக்கிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். யாரிடமும் போய் எதுவும் சொல்லக் கூடாது. முகர்ந்து பார்க்கக் கூடாது.

முகர்வது தனி விதியாகச் சேர்ந்ததற்குக் காரணம் போன வருஷத்து ரேஸ். பாதி ரேஸில் ரஞ்சித்குமாருக்கு ஏதோ கருகும் வாசம் வந்தது. எஞ்சின்தான் என்று முடிவுகட்டி, கொடி காட்டும் அம்மாளிடம் ஓடிப்போய்க் கத்தி, காரை நிறுத்தச் சொல்லும் கறுப்புக் கொடியைக் காட்டவைத்து, அவளை உள்ளே இழுத்துவிட்டான். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. சுவருக்குப் பின்னால் ஒருவர் நிம்மதியாக மாட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் ரசம் தாளித்தால்கூட, "ஏனுங்க, வாசம் வருதுங்களா? கொடி காட்டிரலாமுங்களா?" என்று கேட்பாள் தாமரை. கொங்கு நாட்டுப் பெண். குத்தினாலும் மரியாதை குறையாமல் குத்துவாள்.

கார் அறுபத்திரண்டாம் வருஷத்து இங்கிலாந்துக் கார். கூரை கிடையாது. அமெரிக்காவில், டாலஸ் பக்கத்து ஆலனில், அவர்கள் வீட்டு கராஜில் குடியிருக்கும் உரிமை அதற்கு மட்டும்தான்; புதுக் கார்கள் இரண்டும் வெளியே நின்று ஆலங்கட்டி மழையில் அடி வாங்கும். தாமரை கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்காரர் மகள். வார நாட்களில் நெட்வொர்க் டிசைன், சனி ஞாயிறில் கார்புரேட்டர். எஞ்சினை முழுசாகப் பிரித்து மாட்டியதும் அவள்தான். ரஞ்சித்குமார் டார்ச் லைட் பிடித்தான். அதையும் அவ்வப்போது தவறான இடத்தில்.

டாலஸுக்குத் தெற்கே இருக்கும் அந்த மைதானத்தில், அறுபதுகளில் எப்படி ஓட்டினார்களோ அப்படியே ஓட்டுவதுதான் பெருமை. ரேடியோ கிடையாது. கார்களைச் சுவரோரமாகச் சாய்வாக வரிசையில் நிறுத்திவிட்டு, ஓட்டுபவர்கள் எதிர்ப்பக்கம் போய் நிற்பார்கள். கொடி இறங்கியதும் குறுக்கே ஓடிவந்து, ஏறி, கிளம்ப வேண்டும். பெல்ட் மாட்டிக்கொள்ள வசதியாக முதல் சுற்று மட்டும் மெதுவாகப் போகும். இந்தக் காலத்துக்குக் கொடுத்த சலுகை அது ஒன்றுதான்.

காலையில் காரைச் சோதித்த மீசைக்காரர், காருக்குள் காலடியில் கிடந்த ஒரு பேனா மூடியை எடுத்து ரஞ்சித்குமாரின் கண்ணுக்கு நேரே ஆட்டினார். இது உருண்டு பிரேக் பெடலுக்குப் பின்னால் போனால் பெடல் இறங்காது, பெடல் இறங்காவிட்டால் கார் நிற்காது, புரிகிறதா என்றார். ரஞ்சித்குமார் மிகுந்த பொறுப்போடு தலையாட்டினான். தலையாட்டும்போது அவன் பேன்ட் பாக்கெட்டில் நாலு எலுமிச்சம்பழங்கள் இருந்தன.

திருப்பூரிலிருந்து அவன் அம்மா பவளம் போனில் சொன்னது. "வண்டி எடுக்கறப்ப நாலு சக்கரத்துக்கும் பழம் வெச்சு நசுக்கிட்டு எடுக்கோணும் கண்ணு. மறந்தறாதே. தாமரைகிட்டச் சொல்லாதே, சிரிப்பா." ரஞ்சித்குமாருக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் மனைவி மணிக்கு நூறு மைலில் ஓட்டப்போகிறாள் என்றால், நம்பிக்கை இல்லாதவனும் நாலு பழம் வாங்கி வைத்துக்கொள்வான்.

கார்கள் வரிசையில் நின்றன. தாமரை ஹெல்மெட்டோடு எதிர்ப்பக்கம் நின்றாள். இதுதான் சமயம். கார்க் கண்ணாடியைத் துடைக்கும் பாவனையில் குனிந்து ஒரு முன்சக்கரத்தடியில் ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒவ்வொன்று என்று மூன்றை வைத்துவிட்டான். நாலாவதைக் கையில் எடுத்து நிமிர்ந்தால், எதிரே மீசைக்காரர்.

"ஆல் குட்?" என்றார்.

"ஆல் குட், ஆல் குட்," என்றான் ரஞ்சித்குமார். ஒரு தடவை சொன்னால் போதுமானதை இரண்டு தடவை சொல்வது அவன் பொய் சொல்வதற்கான அடையாளம் என்று மீசைக்காரருக்குத் தெரியாது. பழம் வைத்திருந்த கை தானாகக் காருக்குள் போய், பழத்தை சீட்டின் மேல் விட்டுவிட்டு வெறுங்கையாகத் திரும்பியது. அவர் அந்தப் பக்கம் போனதும் எடுத்துவிடலாம்.

அவர் போகவில்லை. விசில் ஊதினார். உதவியாளர்கள் எல்லாம் சுவருக்குப் பின்னால் போகும் விசில் அது. ரஞ்சித்குமார் எட்டிப் பார்த்தான். சீட் காலியாக இருந்தது. குனிந்து தேடுவதற்குள், தாமரையின் அண்ணன் மாரிசாமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"வாங்க மாப்ள! கார் கிளம்பறப்ப நடுவுல நின்னா நம்ம ரெண்டு பேரையும் சேத்து நசுக்கிப்போடுவாங்க!"

கொடி இறங்கியது. முப்பது பேர் ஓடிவந்தார்கள். தாமரை கதவைத் திறக்காமலே தாண்டிக் குதித்து உட்கார்ந்தாள், எஞ்சின் உறுமியது, கார் பாய்ந்தது. அது நின்ற இடத்தில் மூன்று பழங்கள் சப்பையாகக் கிடந்தன.

ரஞ்சித்குமார் அவற்றை இரண்டு தடவை எண்ணினான்.

"மச்சான்," என்றான். "நாலாவது பழம் காருக்குள்ள இருக்குது."

"என்ன பழம்?"

சொன்னான். மாரிசாமி சிரிக்க ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான். "பிரேக்குக்குக் கீழ போயிருச்சுன்னா?"

"அதத்தான் சொல்றேன்."

"அப்ப அந்தக் கொடியம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க!"

கொடியம்மாள் இருபது அடி தள்ளி, வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போன வருஷத்து அதே அம்மாள். ரஞ்சித்குமாரைப் பார்த்ததும் மூக்கைத் தொட்டுக் காட்டிக் கண்ணடித்தாள். அவள்கூட மறக்கவில்லை.

அவன் போகவில்லை. போய்ச் சொன்னால் கறுப்புக் கொடி. தாமரை உள்ளே வருவாள். பழம் எங்கோ சீட்டுக்கடியில் சாதுவாகக் கிடக்கும். இந்த வருஷமும் அவள் ரேஸ் போச்சு. போனமுறை ஒரு வாரம் அவள் திட்டவில்லை, அதுதான் பயங்கரம். கராஜில் உட்கார்ந்து, துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போர்டு இருக்குதுல்ல," என்றான் திடீரென்று. "அதுல எழுதிக் காட்டிரலாம். தமிழ்ல எழுதினா அவளுக்கு மட்டும்தான் புரியும்."

"மாப்ள, உங்களுக்கு இப்பவும் மானந்தான் பெருசு."

இருந்தாலும் மாரிசாமிதான் மார்க்கரைத் தேடிக் கொடுத்தான். ரஞ்சித்குமார் பலகையின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். மெதுவான சுற்று முடிந்து, பச்சைக் கொடி அசைந்து, கார்கள் ஒரு பெரிய சத்தமாகக் கடந்துபோயின. அவன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள எழுதறீங்க இவ்வளவு நேரமா?"

"பிரேக் பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருக்கலாம், கவனம்."

"நூறு மைல்ல வர்றவளுக்குக் கல்யாணப் பத்திரிகையா அடிக்கறீங்க? 'இருக்கலாம்' வேற! சுருக்குங்க!"

நேரான பாதையின் கடைசியில் ஒரு வளைவு இருந்தது. எல்லாக் கார்களும் அங்கே கடுமையாக பிரேக் போட்டுத்தான் திரும்பும். திரும்பாதவர்களுக்காக அடுக்கிவைத்த டயர்கள் இங்கிருந்தே தெரிந்தன. ரஞ்சித்குமார் அந்த டயர்களைப் பார்க்காமலிருக்க முயன்றான். வேறு எதையும் பார்க்கவும் முடியவில்லை.

அடுத்த சுற்றில் தாமரை ஐந்தாவதாக வந்தாள். அவன் பலகையைத் தலைக்கு மேல் தூக்கினான். பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்: பழம்.

ஹெல்மெட் லேசாகத் திரும்பியது. பார்த்துவிட்டாள். இடது கையைத் தூக்கி 'சும்மா இரு' என்பதுபோல் விசிறிவிட்டு, வளைவை நோக்கிப் போனாள். பிரேக்கை மிதித்தால் எரியும் அவளுடைய பின்விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டேயிருந்தது. மற்றவர்கள் திரும்பிய இடத்தைத் தாண்டி, கார் கொஞ்சம் அகலமாகப் போய், வெளிப்புறத்துப் புல்லில் ஒரு சக்கரத்தை வைத்துத் திரும்பியது. கூட்டம் "ஓ" என்றது. அதே நேரம் அவளுக்கு முன்னால் முட்டிமோதிக்கொண்டு போன இருவர் ஒருவரோடொருவர் உரசி ஒதுங்க, தாமரை வளைவைவிட்டு மூன்றாவதாக வெளியே வந்தாள். கூட்டம் கைதட்டியது.

"பிரமாதமா திருப்பறா!" என்றார் பக்கத்தில் நின்றவர் ஆங்கிலத்தில்.

ரஞ்சித்குமாருக்கு அது பிரமாதமில்லை என்று தெரியும். இரண்டு வருஷம் டார்ச் பிடித்தவனுக்கு அவ்வளவாவது தெரியும். அவள் அந்த வளைவைக் காகிதத்தில் வரைந்து வரைந்து பழகியவள். புல்லுக்குப் போகிறவள் இல்லை.

பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

கொடியம்மாள் அவன் வருவதைப் பார்த்தே சிரித்தாள். "ஸ்மெல் அகெய்ன், ஹனி?"

"நோ மேம். லெமன். இன் த கார். பிரேக் பெடல். ஐ புட் இட்."

"லெமன்?"

"ஃப்ரூட், மேம்! ரியல் ஃப்ரூட்!" அந்த ஊரில் ஓட்டைக் காருக்கும் லெமன் என்றுதான் பேர். கையால் உருண்டை பிடித்துக் காட்டினான். அவள் சிரிப்பு பாதிதான் குறைந்தது. அவள் ஏன் நம்ப வேண்டும்? உலகத்தில் எந்த மனிதன் ரேஸ் காருக்குள் எலுமிச்சம்பழம் போடுவான்? ரஞ்சித்குமார் அவளுடைய நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டான். மீசைக்காரர் அருகில் வந்துவிட்டார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை.

"ப்ரேயர், மேம். எங்க வழக்கம். சக்கரத்துக்குக் கீழ வைக்கறது. இவர் வந்ததும் பயந்து உள்ள போட்டுட்டேன். இவர்கிட்ட 'ஆல் குட்'னு பொய் சொன்னேன். ஷி இஸ் மை வைஃப். ப்ளீஸ்." பாதி தமிழில் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே பிறகுதான் தெரிந்தது.

மாரிசாமி சுவருக்கு மேலாகக் கையைவிட்டு எடுத்த நசுங்கிய பழங்கள் மூன்றையும் ஓடிவந்து நீட்டினான். மீசைக்காரர் அவற்றைப் பார்த்தார். ரஞ்சித்குமாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே போய், வண்டியில் கோளாறு, உள்ளே வா என்று சொல்லும், கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடியையும் தாமரையின் கார் எண்ணையும் எடுத்துக்கொண்டு சுவரில் ஏறினார்.

தாமரை உடனே வரவில்லை. கொடியைப் பார்த்த பிறகும் மீதிச் சுற்றை ஓட்டித்தானே வர முடியும். நடுவில் அந்த வளைவு. ரஞ்சித்குமார் கண்ணை மூடிக்கொண்டான். மாரிசாமி பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான்: "வேகத்தக் கொறைச்சுட்டா... கையத் தூக்கிக் காட்டிட்டா... திரும்பிட்டா மாப்ள, திரும்பிட்டா, கண்ணத் தெறங்க."

கார் உள்ளே வந்து நின்றது. நிற்கும்போதும் முழுசாக நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினாள். மீசைக்காரர் தலைகீழாக உள்ளே நுழைந்து கையைவிட்டுத் துழாவி, பெடலுக்குப் பின்னாலிருந்து ஒன்றை நெம்பி எடுத்தார். பாதி நசுங்கி, தோல் கிழிந்து, சாறு வழிந்துகொண்டிருந்தது.

தாமரை ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். பழத்தைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றான் ரஞ்சித்குமார்.

அவள் முன்னால் திரும்பினாள். பெடலை மூன்று தடவை ஆழமாக மிதித்துப் பார்த்தாள். மீசைக்காரர் அடியில் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். கார் மறுபடி பாதைக்குப் போய்விட்டது.

இருபத்தாறாவதாக முடித்தாள். ரஞ்சித்குமார் ஒவ்வொரு சுற்றும் எண்ணை ஒழுங்காக மாட்டிக் காட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவில் பின்விளக்கு சரியான இடத்தில் எரிந்து சரியான இடத்தில் அணைவதை மட்டும் அவன் பார்த்தான். அது போதும் என்று இருந்தது. வாயைத் திறந்து சொல்லத்தான் பயமாயிருந்தது.

எல்லாம் முடிந்து காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தாமரை கையுறையைக் கழற்றினாள்.

"பழம்னு எழுதிக் காட்டினா நான் என்னன்னுங்க நெனைக்கறது? உங்களுக்குப் பசிக்குதாக்கும்னு நெனைச்சேன்."

மாரிசாமி டிரெய்லருக்குப் பின்னால் போய்ச் சிரித்தான்.

"உனக்குத் தெரியலையா? பிரேக் பிடிக்கலைன்னு?"

அவள் காரைக் கட்டும் சங்கிலியை மாட்டினாள். "தெரிஞ்சுதுங்க. பாதிதான் எறங்குச்சு. ஏதோ தடுக்குதுன்னு தெரிஞ்சுது. உள்ள வந்துரோணும்னும் தெரிஞ்சுது." சங்கிலியை இறுக்கினாள். "ஆனா மூணாவதா ஓடிட்டிருந்தேன் பாருங்க. கொடி காட்டலீன்னா வந்திருக்க மாட்டேன்."

ரஞ்சித்குமார் டிரெய்லரின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.  அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோளில் கையைத் துடைத்தாள். கிரீஸும், பெடலில் துடைத்தெடுத்த எலுமிச்சைச் சாறும் சட்டையில் ஒட்டின.

அப்போது போன் அடித்தது. திருப்பூர். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும்.

"கண்ணு, பழம் நசுங்குச்சா?" என்றாள் பவளம்.

ரஞ்சித்குமார் மனைவியைப் பார்த்தான். "நசுங்குச்சும்மா. நாலும்."

"அப்பறமென்ன, ஒண்ணும் ஆகாது. நாஞ் சொன்னன்ல."

தாமரை போனைப் பிடுங்கினாள். "அத்தை, நல்லபடியா முடிஞ்சுதுங்க. ஒரே ஒரு விஷயம். அடுத்த வருஷம் இவர்கிட்டத் தேங்காய் எதும் சொல்லிவிட்டுறாதீங்க."

மறுமுனையில் கொஞ்சம் யோசனை நடந்தது.

"தேங்காய் உருளாது கண்ணு," என்றாள் பவளம். "குடுமி இருக்குமில்ல."