ஆறு தோட்டத்துக்கு ஆறு மாமியார்

1

இந்தக் கதை நான் யோசித்து எடுத்ததல்ல, கண்ணுங்களா. அக்கரப்பத்தனை பஸ்ஸில் யாரோ பார்த்த வீடியோவிலிருந்து ஒரு பெண்ணின் ஏச்சு கேட்டது: "இது ரொட்டியா, லயத்துக் கூரைத் தகரமா?" பஸ்ஸே சிரித்தது. மிச்சத்தை நான் கட்டினேன்.

2

பனி மூடிய மலையிலே நிஷாந்தி...

(வேண்டாம். பனியைப் பார்க்கவா வந்தீர்கள்?)

நிஷாந்தி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். வேலை விட்டு வந்து, லயத்து வரிசை வீட்டின் அடுப்படியில் சமைத்து யூடியூப்பில் போடுகிறாள். சமையல் சுமார்தான். பின்னாலிருந்து ஏசும் மாமியார் அம்மாக்கண்ணுவுக்காகத்தான் கூட்டம். சானல் பெருத்தால் முதுகிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கலாம். அவள் ஆசை அது ஒன்றே.

3

சானலைப் பெருக்கித் தருகிறேன் என்று அட்டன் டவுனிலிருந்து பிரதாப் வந்தான். (கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கொண்டுவந்த கேக்கை அவனே வெட்டிக் கொடுத்தான்.)

"அக்கா, நீங்க ஒரு ஆளு எத்தன வீடியோ போடுவீங்க? ஆறு தோட்டத்துல ஆறு மருமக, ஆறு மாமியார். கம்பனியாயிரும். ஒங்க மாமியாரம்மா அவங்களுக்கு ஏசப் பழக்கிக் குடுத்தா போதும்."

அம்மாக்கண்ணு ஏசிக் காட்ட, பக்கத்து வீட்டு மருமகள் தனுஜா ரொட்டி தட்டினாள். கேமரா ஓடியது.

"நல்லாத்தானே தட்டுறா, தங்கம்," என்றாள் அம்மாக்கண்ணு.

"ஏசுங்கம்மா!" என்றான் பிரதாப்.

"அடுத்த வீட்டு மருமகள நா ஏசவா? பொறவு பீலியில தண்ணி புடிக்க எந்த மூஞ்சோட போறது?"

சரி, தனுஜாவின் சொந்த மாமியார் நாகலெட்சுமியையே கூப்பிட்டார்கள். அவள் ஏசினாள். ரொட்டியில் தொடங்கி, தனுஜாவின் தாய்வீடு வரைக்கும் போனாள். தனுஜா அழுதாள். பிரதாப் நிறுத்தியதும் நாகலெட்சுமி கேக்கை எடுத்துக் கடித்தாள்.

"நல்லா நடிச்சனா தம்பி?"

"சூப்பர்ம்மா! இத இன்னைக்கே போடுவம். கம்பனிக்கு மொத வீடியோ."

தனுஜா நிஷாந்தியின் காதருகே வந்தாள். "அது நடிப்பில்லக்கா. தெனமும் இப்பிடித்தான். போட்டுருங்க. நாலு பேரு பாக்கட்டும்."

4

நிஷாந்திக்கு அந்த நாலு பேரைத் தெரியும். சிரிக்க வருகிறவர்கள்.

முதல் முடிவு: போடுகிறாள். கூடை இறங்குகிறது. தனுஜாவின் அழுகைக்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசை வரிசையாக

(முடிக்க மனம் வரவில்லை.)

இரண்டாவது: அழிக்கிறாள். காலையில் கூடையோடு பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறாள். தனுஜா அவள் முகத்தைப் பார்ப்பதேயில்லை.

இரண்டையும் அடித்துவிட்டேன். நின்றது இவ்வளவுதான்: நிஷாந்தி போனைத் தனுஜாவிடம் நீட்டினாள். "சிரிப்பாங்கடி. தெரிஞ்சுக்க. ஒம் மூஞ்சி, நீயே முடிவு பண்ணு."

தனுஜா என்ன செய்தாள் என்று நான் சொல்லமாட்டேன், கண்ணுங்களா. நாகலெட்சுமி இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறாள், காதில் விழும். தெரிந்தவர்கள் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.