இடது முட்டியின் மனந்திரும்புதல்

என் அம்மாவின் வலது முட்டியைப் பற்றிச் சபைக் கமிட்டி ஒன்றேகால் மணி நேரம் விவாதித்தது. உள்ளே ஏழு பேர், எதிரே அம்மா. அந்த முட்டியை மடக்கி நீட்ட வைத்த ஆள் வெளியே வராந்தாவில், கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அது நான்தான். என்னை உள்ளே விடவில்லை. "இது ஆவிக்குரிய விஷயம்மா, நீ வெளியவே இரு" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் கதவைச் சாத்தினார்.

நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மருந்துக் கடை மாடியில் இருக்கிற கிளினிக்கில், காலை எட்டு மணியிலிருந்து பிடித்துக்கொண்ட தோளையும் பிசகிய இடுப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் துப்புரவு வேலை பார்த்தவள். மண்டி போட்டுத் தேய்த்ததில் தரை தேய்ந்ததோ இல்லையோ, முட்டி தேய்ந்தது. என் படிப்பு அந்த முட்டியிலிருந்து உதிர்ந்த தூள்தான். இதை நான் உருகிச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு கோயிலில் திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி இருக்கும். எல்லோரும் அதன் முன் மண்டியிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். அம்மாவால் இரண்டு வருஷமாக மண்டியிட முடியவில்லை. எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு போதகர் தட்டை எடுத்துக்கொண்டு பின் பெஞ்சுக்கு நடந்து வருவார். சபை மொத்தமும் கழுத்தைத் திருப்பும். அம்மா அப்பத்தை வாங்கும்போது முகத்தில் பக்தி இருக்காது, கூச்சம்தான் இருக்கும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்ல எல்லாம் மண்டி போட்ட காலு, அங்க மட்டும் மாட்டேங்குதேடி" என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாளே நான் ஆரம்பித்தேன். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்து, பத்து எண்ணு, விடு. கணுக்காலில் மணல் பை கட்டிக் காலைத் தூக்கு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திரு. ஒரு படி ஏறு, இறங்கு. தேய்ந்தது தேய்ந்ததுதான், ஆனால் தொடைத் தசை பலமானால் முட்டியின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். பன்னிரண்டு வாரம், தினம் இரண்டு வேளை. எனக்குக் கொஞ்ச வராது. பெற்ற தாயை இப்படிப் படுத்துகிறாளே என்று அம்மா பக்கத்து வீடு வரை போய்ப் புலம்பினாள். எட்டாவது வாரம் ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். பத்தாவது வாரம், மடித்த கம்பளியின் மேல் வலது முட்டியை வைத்து நின்று காட்டினாள்.

அதே எட்டாவது வாரத்தில்தான் அம்மா எனக்குச் சொல்லாமல் பெரிய டீச்சர் வீட்டுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள்.

பெரிய டீச்சர், அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபைப் பாடகர் குழுவில் முதல் வரிசை. ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுது போக வேண்டும் அல்லவா, இரண்டு சனி ஞாயிறு வகுப்புக்குப் போய் எனர்ஜி ஹீலிங்கில் இரண்டாம் நிலை முடித்தார். நான் நாலரை வருஷம் படித்ததற்கு ஒரு காகிதம். அவர் நாலு நாள் படித்ததற்கும் ஒரு காகிதம், அதுவும் தங்கக் கரை போட்ட சட்டத்துக்குள். சிகிச்சை என்னவென்றால், ஆளைப் படுக்க வைத்து, வலிக்கிற இடத்துக்கு இரண்டு அங்குலம் மேலே கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். தலைமாட்டில் ஒரு சிலுவை, கால்மாட்டில் ஒரு ஊதாக் கல். இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. ஊன்றுகோல் இல்லாமல் கோயிலுக்கு வந்த அம்மாவைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்க, அவளும் பெருமையாக, "பெரிய டீச்சர் கை காட்டினாங்க" என்றாள். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். காது கேட்காத தூரமில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் போதகர் வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க அந்நிய சக்திகளைப் பற்றி. பேர் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லாத அளவுக்குப் பாடகர் குழுவைப் பார்த்தே பேசினார். வாசலில் பெரிய டீச்சர் அவரை மடக்கினார். ஆண்டவரும் கை வைத்துத்தானே சுகமாக்கினார், அவரிடமிருந்தும் வல்லமை புறப்பட்டுப் போனதுதானே, அந்த வல்லமைக்கு நான் ஒரு குழாய் மாதிரி, அவ்வளவுதான் என்றார். குழாய் சரி, தொட்டி எங்கே இருக்கிறது என்று போதகர் கேட்டார். இருவருமே கையைத்தான் நம்புகிறார்கள். போதகர் எண்ணெயைத் தொட்டு உச்சந்தலையில் வைத்து அழுத்துவார், கழுத்து உள்ளே போய்விடும். அவரால் கழுத்து பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பேருக்கு நானே வைத்தியம் பார்த்திருக்கிறேன். டீச்சர் கை மேலேயே படாது. என் பார்வையில் இரண்டு சித்தாந்தத்துக்கும் வித்தியாசம் அந்த இரண்டு அங்குலம்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விசாரணை முடியும்வரை கிராதிக்கு வர வேண்டாம் என்று சொல்லப் போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா அவரிடம் நேராகவே கேட்டாள், அந்தச் சக்தியில் என்ன தப்பு என்று. அவர் கொஞ்சம் யோசித்தார். பிரசங்கக் குரலை விட்டுவிட்டு, "கரண்டுக்கு முன்னால யாரும் மண்டி போடுறதில்லம்மா. மண்டி போடணும்னா எதிர்ல ஒரு ஆள் இருக்கணும்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் பேசி நான் கேட்ட ஒரே உருப்படியான பேச்சு அது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கமிட்டியைக் கூட்டினார்.

அவர் போன பிறகு நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். நான் ஒருத்தி நாயாய்க் கத்தி உன்னை நடக்க வைத்தால் பேர் அந்தம்மாவுக்கா, எதற்காக அங்கே போனாய் என்று. அம்மா துண்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"உன்னாலதான் நடக்கிறேன்னு எனக்குத் தெரியாதாடி? ஆனா நீ எந்திரி, உட்காரு, தூக்கு, மடக்குன்னே சொல்ற. அந்த அம்மா படுத்துக்கன்னு சொன்னாங்க. பத்தொம்பது வருஷம் என்னை 'ஏய்'னு கூப்பிட்ட அம்மா. அவங்க வீட்டுக் கட்டில்ல, வெளுத்த விரிப்புல நான் படுத்திருக்கேன், அவங்க என் காலடியில உட்கார்ந்திருக்காங்க. நாப்பது நிமிஷம். விடுவேனா நான்?"

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

உள்ளே நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். சக்தி தப்பானதென்றால் அதில் வந்த சுகமும் தப்பானதா என்று ஒருவர் கேட்டாராம். தப்பான சுகம் பெற்ற முட்டியால் மண்டியிட்டால் திருவிருந்துக்குத் தீட்டா என்று இன்னொருவர். ஏழு பேரும் ஆண்கள், அதில் நாலு பேருக்கு என் கிளினிக்கில் சீட்டு இருக்கிறது. கடைசியில் இரண்டு தீர்ப்பு. பெரிய டீச்சருக்கு "அன்பான ஆலோசனை". கோயிலின் மைக் செட் மொத்தமும் அவர் தம்பி வாங்கிக் கொடுத்தது. மைக்கை வைத்துக்கொண்டு மைக் கொடுத்தவரின் அக்காவைத் திட்ட முடியுமா? அம்மாவுக்கு மறுதலிப்புக் கடிதம். கிடைத்த சுகத்தை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திருவிருந்து ஞாயிறன்று சபை முன்னால் வாசிக்க வேண்டும். அதன் பிறகு கிராதிக்கு வரலாம்.

அம்மா வெளியே வந்தபோது முகத்தில் ஒரு அமைதி இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்றேன். தெருவில் நடந்தபடி தலையாட்டினாள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். பாங்கில் கடனைத் திருப்பிக் கட்டுவது போல முட்டியைத் திருப்பிக் கொடுத்தாயா, உனக்கு ரோஷமே இல்லையா என்று. அம்மா திருப்பம் வரும்வரை பொறுமையாக நடந்து, யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செயலாளர் டைப் அடிச்சுக் கொடுத்தாரு. நான் ரெண்டு தடவ வாசிச்சேன். 'என் இடது முட்டியில் பெற்ற சுகத்தை மறுதலிக்கிறேன்'னு இருந்துச்சு. இடது முட்டியில எனக்கு என்னைக்குடி நோவு வந்துச்சு? கொடுக்காததைத் திருப்பிக் கேட்டா, சந்தோஷமா கொடுத்துட வேண்டியதுதானே."

ஒன்றேகால் மணி நேரம். ஏழு பேர். எதிரே முட்டியோடு ஒரு பெண். எந்தக் கால் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நடுத்தெருவில் நின்று நான் சிரித்த சிரிப்பில் ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

அதோடு முடியவில்லை. அம்மாவுக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டு, அது யாருக்கும் புரியாத வழியில் வேலை செய்யும். இடது முட்டியின் சுகத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அப்படியானால் இடது காலை நொண்டித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் எழுதியது பொய்யாகிவிடும் என்றாள். இடதை நொண்டினால் பாரம் முழுக்க வலதில்தான் விழும், பன்னிரண்டு வார உழைப்பு பாழ் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். பேரம் நடந்தது. பெஞ்சிலிருந்து கிராதிக்குப் போக முப்பது அடி, திரும்பி வர முப்பது அடி, அதற்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது என்று அனுமதித்தேன். என் தொழிலில் நொண்டுவதற்கு அளவு எழுதிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

திருவிருந்து ஞாயிறன்று அம்மா கடிதத்தை வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் தரை தேய்த்தபடியே பாடம் கேட்டுக் கற்றுக்கொண்ட வாசிப்பு, தடுமாறாது. "இடது முட்டி" என்ற இடத்தில் நன்றாக நிறுத்தி, உரக்கவே வாசித்தாள். நான் பாடகர் குழுவைப் பார்த்தேன். அந்த வலது முட்டிக்கு மேல் ஐந்து வாரம் கண்ணை மூடிக் கையை நீட்டியிருந்த பெரிய டீச்சர், கனத்த முகத்தோடு தலையை அசைத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு அம்மா நொண்டிக்கொண்டு புறப்பட்டாள். சபையில் ஒரு பெருமூச்சு ஓடியது. தப்பான சுகம் போய்விட்டது என்ற திருப்தி. செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். அம்மா கிராதியைத் தொட்டாள். இடது காலை முன்னால் வைத்தாள். வலது முட்டியை மெல்ல, மெல்ல, நான் கம்பளியில் சொல்லிக் கொடுத்த அதே வேகத்தில் கீழே இறக்கினாள். முட்டி மரப்பலகையில் பதிந்தது. முகம் சுளிக்கவில்லை. அடுத்தது இடது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு மற்றவர்களின் தோளுக்குச் சமமாக அவள் தோள் இருந்தது. கையேந்தி வாங்கினாள். எதிரே ஒரு ஆள் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது; முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எழும்போது கிராதியைப் பிடிக்கவில்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் நொண்ட மறந்து, பெஞ்சு வரை நேராக நடந்து வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கோயில் முழுக்க அவள் காலையே பார்த்தது. பிறகு போதகர் இரண்டு கையையும் தூக்கினார். பொய்யான சுகத்தை விட்ட அந்த நிமிஷமே மெய்யான சுகம் வந்ததைக் கண்ணாரக் கண்டோம் என்றார், பெரிய டீச்சரின் தம்பி வாங்கிக் கொடுத்த மைக்கில். சபை ஸ்தோத்திரம் சொன்னது. நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் உடைத்துவிட வாயைத் திறந்தேன். அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "யார் பேரை வேணா எழுதிக்கட்டும். நான் மண்டி போட்டேனா இல்லையா? உட்காருடி." உட்கார்ந்தேன். அதற்காக இன்றுவரை என் மேல் எனக்குக் கோபம்.

ஆராதனை முடிந்ததும் செயலாளரைச் சுற்றி ஆறேழு பேர். இடுப்பு வலிக்காரர், குதிகால் வலிக்காரர், தையல் கடை அக்கா. எல்லோருக்கும் அந்த மறுதலிப்புக் கடிதத்தில் ஒரு பிரதி வேண்டுமாம். தையல் கடை அக்காவுக்குத் தோள் தூக்க முடியவில்லை. ஆனால் மறுதலிக்க அவளிடம் எதுவுமில்லை. அவள் பெரிய டீச்சரிடம் போனதே கிடையாது. அதனால் செவ்வாய்க்கிழமை போய் ஒரு தடவை கை காட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வந்து எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாள். செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவளைத் தனியே கூப்பிட்டு, என் பொண்ணுகிட்ட காட்டு, அவதான் என்னை நடக்க வச்சா என்றாள். தையல் கடை அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் அவள் தோளைத் தூக்கச் சொல்லி, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தேன். சரியாகிவிடும், தினம் இரண்டு வேளை பயிற்சி, பத்து வாரம் என்றேன்.

"பத்து வாரமா?" அக்கா கையைக் கீழே போட்டாள். "அவ்வளவு நாள் நாமளே பாடுபடணும்னா, அப்புறம் விசுவாசம் எதுக்கும்மா?"