மரச்சீவல் உதிர்த்த நாய்

மெருகுக்காரி வீட்டு நாய்க்கு மயிர் உதிர்ந்ததே கிடையாது, மரச்சீவல்தான் உதிரும். வெயில் காலத்தில் வெளிர் மஞ்சளாக, மாமரத்துச் சீவல் வரும். மழை பிடித்துவிட்டால் எண்ணெய் வாசனையோடு தேக்கு. குளிப்பாட்டிய மறுநாள் மட்டும் கொஞ்சம் கருங்காலி. அது எதனால் என்று யாரும் ஆராயவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுப்புப் பற்றவைக்க ஒரு கூடை வாங்கிப் போவார்கள். கண்ணாடிச் சாமான் விற்கிறவர் டம்ளர்களுக்கு நடுவே திணிக்க ஒரு சாக்கு கேட்பார். கால்நடை மருத்துவர் ஒருமுறை தடவிப் பார்த்து, தோல் சுத்தமாக இருக்கிறது, பூச்சி மருந்து மட்டும் நேரத்துக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தட்டிக்கொண்டு போனார். நாய்க்குச் சுருட்டை என்று பேர். குட்டியில் பட்டறைச் சீவல் குவியலிலேயே தூங்கி வளர்ந்தது, அதனால்தான் இப்படி என்று சிலர் சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் நெல் மூட்டையில் தூங்குகிற எலிக்கு என்ன உதிர வேண்டும் என்று மெருகுக்காரி கேட்டாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அவள் புருஷனும் அவளுடைய அண்ணனும் சேர்ந்து கதவும் அலமாரியும் செய்தார்கள், இவள் மெருகு போட்டாள். அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷன். ஒரு சாம்பல் நிறப் பூனைதான் துணை. தினமும் காலையில் கருவிப் பெட்டிக்குள் உட்கார்ந்து அவனோடு வேலைக்கு வரும். மச்சானும் மாப்பிள்ளையும் வாயைத் திறந்தால் இரண்டே பேச்சு. ஒன்று மரத்தைச் சீவுகிற இழைப்புளி, இன்னொன்று இந்தப் பிராணிகள். எந்த நாட்டு இழைப்புளிக்கு அடிப்பாகம் சுத்தமான மட்டம், எதன் தகடு எத்தனை நாள் முனை மழுங்காமல் நிற்கும், பூனை ஏன் பலகையின் மேடான முனையில் மட்டும் படுக்கிறது, இதெல்லாம் காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கிற வரை ஓடும். தகடு தீட்டியதும் கூர் பார்க்க இருவரும் இடது முன்கை மயிரில் இழுத்துப் பார்ப்பார்கள், அதனால் இரண்டு பேருக்கும் அந்தக் கை மொழுமொழுவென்று இருக்கும். பிறந்த வீட்டில்தான் இப்படி ஒரு கை என்றால் வாழ வந்த வீட்டிலும் அதேதானா என்று கல்யாணமான புதிதில் தலையில் அடித்துக்கொண்டதாக மெருகுக்காரி சொல்லிச் சிரிப்பாள்.

சண்டை வந்ததும் இழைப்புளியால்தான். அண்ணன் ரொம்ப காலம் ஆசைப்பட்டுக் கடல் கடந்து ஒன்றை வரவழைத்தான். வெண்கல உடம்பு, கருமரக் கைப்பிடி, தூக்கினால் தூங்குகிற குழந்தை கனம். அது சீவிய சுருளைச் செய்தித்தாள் மேல் வைத்தால் கீழே உள்ள எழுத்தைப் படிக்கலாம். இருவரும் பச்சைப்பிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தார்கள். "தங்கத்துல செஞ்சாலும் அது மரத்தைத்தானே சீவப் போகுது?" என்று இவள் கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. ஒரு நாள் மாப்பிள்ளை அதை வைத்து ஒரு பழைய கதவுப் பலகையை இழைத்தான். பலகைக்குள் ஆணி ஒன்று முறிந்து கிடந்தது, தகட்டின் முனை உடைந்து பல் விழுந்துவிட்டது. ஆணி இருக்கிறதா என்று தேடாமல் பழைய மரத்தில் கை வைக்கக் கூடாது என்பது தொழிலில் அரிச்சுவடி. அந்தப் பலகையை எடுத்துக் கொடுத்தவன் மச்சான் என்பதும் உண்மை. நீ பார்த்திருக்க வேண்டும் என்றான் ஒருவன், நீ பார்த்துத்தானே கொடுத்தாய் என்றான் மற்றவன். அண்ணன் பூனையையும் இழைப்புளியையும் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், சில தெருக்கள் தள்ளித் தனிப் பட்டறை போட்டான்.

அப்புறம் ஆறு வருஷம் அவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மெருகு வேலைக்காக இரண்டு பட்டறைக்கும் போய்வந்தவள் இவள் ஒருத்திதான். புருஷன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "பூனைக்கு இருமல் நின்னுச்சாமா?" என்று கேட்பான். இருமியது பூனை இல்லை, அண்ணன். "சுருட்டைக்கு முதுகுவலி எப்படி இருக்காம்?" என்பான் அண்ணன். அந்த நாய்க்கு முதுகுவலி என்றால் என்னவென்றே தெரியாது. இவளும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், பூனை மருந்து சாப்பிடுகிறது, நாய் கனம் தூக்குவதைக் குறைத்துக்கொள்ள வேண்டுமாம் என்று அங்கும் இங்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் பூனைக்கு மூக்குக்கண்ணாடி மாற்றினார்கள். இன்னொரு வருஷம் நாய்க்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

பிறகு சுருட்டைக்கு நிஜமாகவே உடம்புக்கு வந்தது. சுருள் சுருளாக உதிர்ந்தது நின்று, கிழிந்த சிராயும் தூளுமாகக் கொட்டியது. தடவினால் உள்ளங்கையில் குத்தியது. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மருத்துவர் ஊசி போட்டு, வயசாகிவிட்டது, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். மெருகுக்காரிக்குப் பிள்ளை இல்லை. அந்த நாயும் போய்விட்டால் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. புருஷன் நாயின் விலாவில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து தோளுக்குப் பின்னால் நிறுத்தினான். கணு என்றான். கணு இருக்கிற இடத்தில் நார் இரண்டு பக்கமிருந்தும் அதை நோக்கி ஏறும், ஒரே பக்கமாகத் தள்ளினால் கணுவைத் தாண்டியதும் பிய்த்துக்கொண்டு வரும், இரண்டு பக்கமிருந்தும் வந்து கணுவில் நிறுத்த வேண்டும். அவன் ஒரு பக்கம் தடவி முடித்து மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் மறுபடி சிராய் கிளம்பியது. கூடச் சேர்ந்து தடவ இவள் உட்கார்ந்தாள். மெருகு போட்டே பழகிய கை, வட்டமாகத்தான் போனது, நேராகப் போகவே மாட்டேன் என்றது. இதற்கு இழைக்கிற கை வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். யார் கை என்று சொல்லவில்லை.

அவள் கையைக்கூடக் கழுவாமல் அண்ணன் பட்டறைக்குப் போனாள். அவன் பூனையைத் தடவியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் என்னை வரச் சொன்னானா?" என்றான். அவ்வளவுதான், அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அவரு சொல்ல மாட்டாரு, நீயும் கேக்க மாட்டே. ஆறு வருஷமா ரெண்டு வாயில்லா ஜீவனை நடுவுல வெச்சு ஒருத்தரை ஒருத்தர் நலம் விசாரிச்சீங்களே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? உன் இருமலையும் அவரு முதுகுவலியையும் தூக்கிக்கிட்டு நான்தானே தெருத்தெருவா நடந்தேன்? இப்ப அந்த நாய் நெஜமாவே சாகக் கெடக்குது அண்ணே. அது போயிட்டா நீங்க எதை வெச்சுப் பேசிப்பீங்க? நான் யாரை வெச்சு இருப்பேன்?" அண்ணன் பூனையைக் கீழே இறக்கிவிட்டான். பெட்டியைத் திறந்தான், பூனை ஏறி உட்கார்ந்துகொண்டது.

நாயின் தலைமாட்டில் ஒருவன், கால்மாட்டில் ஒருவன் என்று உட்கார்ந்தார்கள். முதலில் வெறும் தூள்தான் வந்தது. அழுத்தாதே என்றான் ஒருவன், நீ அவசரப்படாதே என்றான் மற்றவன். மத்தியானம் சாயும்போது இரண்டு கையும் ஒரே கனத்துக்கு வந்தன. தலைப் பக்கமிருந்து ஒரு சுருள் முழுசாக வந்தது, பின்னாலேயே கால் பக்கமிருந்து இன்னொன்று. தேக்கு, கருங்காலி, அவர்கள் இருவரும் வாழ்நாளில் பார்த்திராத ஏதோ சிவப்பு மரம் எல்லாம் வந்தன. சீவல் இடுப்பு வரை ஏறியது, பூனை அதன் மேல் ஏறிப் படுத்தது. சுருட்டை காலை நீட்டிச் சோம்பல் முறித்துத் தண்ணீர் கேட்டது.

"ஒழுங்கா சாப்பிடுறியா மச்சான்?" என்றான் புருஷன், கையை எடுக்காமல். அண்ணன் பூனையைப் பார்த்தான்.

"பூனையை இல்ல. உன்னைத்தான் கேக்கறேன்."

"ஏதோ சாப்பிடுறேன் மாப்ளே," என்றான் அண்ணன். கையில் வந்த சுருளை உதறிவிட்டு, "உனக்கு முதுகு?" என்றான்.

"குனிஞ்சா வலிக்குது."

தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றிருந்த மெருகுக்காரி அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

சுருட்டை அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தது. அண்ணன் தொடாமலே வைத்திருந்த அந்தத் தகட்டின் பல்லை இருவரும் சேர்ந்து தேய்த்துச் சரிசெய்தார்கள். பட்டறையில் மறுபடி இழைப்புளிப் பேச்சு தொடங்கி, மெருகுக்காரிக்குத் தலைவலி வந்தது. கணு மட்டும் கரையவில்லை. வாரம் ஒருமுறை இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டு பக்கமிருந்தும் தடவினால்தான் நாய் சாப்பிடும். சின்ன அறுவைதான், எடுத்துவிடட்டுமா என்று மருத்துவர் கேட்டார். மெருகுக்காரி உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் சீவலுக்குள் உட்கார்ந்து ஏதோ தகட்டைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"வேண்டாம் டாக்டர்," என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்."